பூனைப் படத்தை மூடிய கை

1

இந்தக் கதை பிறந்தது எரிச்சலில். கடையில் ஒரு தாய், அலமாரிக்குக் குறுக்கே தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு மகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். வழி கேட்டேன். "சுத்திப் போங்க சார், புள்ள படிக்குது" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல். வீட்டுக்கு வந்தும் ஆற்றாமை அடங்கவில்லை. எழுதியாவது தொலைப்போம் என்று உட்கார்ந்தேன்.

'மாலைச் சூரியன் கடைக் கண்ணாடியில் தன் பொன்—' (சே! சூரியனுக்கு இங்கே என்ன வேலை?)

2

என் கதையில் அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். மகளை வாண்டு என்று கூப்பிடுவாள். வாண்டுக்கு வாசிக்க வரவில்லை. "திங்கக்கிழமை புதுசா ஒரு பக்கம் குடுப்பேன். வாசிக்கலேன்னா அடுத்த வருஷமும் இதே வகுப்புதான்" என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார்.

புத்தகத்தைக் கண்டாலே வாண்டுக்கு வயிறு வலிக்கும். கடை என்றால் கால் தரையில் நிற்காது. சரி, கடையிலேயே படிக்கட்டும் என்று அம்மா வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினாள். போகும்போதெல்லாம் சர்க்கரை, உப்பு, டீத்தூள் என்று பாக்கெட் பாக்கெட்டாக எடுத்துக் காட்டினாள். வாண்டு கடகடவென்று சொன்னாள். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை.

3

(இவள்மேல் எனக்கு ஒரு சந்தேகம். நாளெல்லாம் தோலைத் தாண்டி எலும்பைப் பார்ப்பவள், பிள்ளை எதைப் பார்த்துச் சொல்கிறாள் என்பதை எப்படிக் கோட்டைவிட்டாள்? மாற்றி எழுதலாமா? வேண்டாம். பெற்றவள் கண் அப்படித்தான்.)

சனிக்கிழமை போனபோது, உப்பு பாக்கெட் நீலத்திலிருந்து பச்சைக்கு மாறியிருந்தது.

"டீத்தூள்!" என்றாள் வாண்டு பெருமையாக.

"நல்லாப் பாரு கண்ணு."

"பச்சைன்னா டீத்தூள்தானேம்மா?"

அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை இத்தனை நாளும் படித்தது எழுத்தை இல்லை, நிறத்தை.

4

முடிவு ஒன்று: அம்மா கண்ணீரோடு கடையை விட்டு— (இல்லை. இவள் அழுகிற ஆள் இல்லை.)

முடிவு இரண்டு: திடீரென்று வாண்டு சரளமாக— (யார் காதில் பூச்சுற்றுவது?)

அம்மா தள்ளுவண்டியைத் திருப்பினாள். வீட்டில் ஒருநாளும் வாங்காத பொருளாகப் பார்த்துத் தேடினாள். பூனைத் தீனி கிடைத்தது. வாண்டு பார்ப்பதற்குள், பாக்கெட்டிலிருந்த பூனைப் படத்தை உள்ளங்கையால் மூடினாள்.

"இப்ப வாசி."

"கைய எடும்மா. படத்தப் பாத்தா சொல்லிடுவேன்."

"அதுக்குத்தான்டி மூடியிருக்கேன்."

வாண்டின் உதடு பிதுங்கியது. கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் அம்மாவின் வீம்பெல்லாம் எங்கே போயிற்றோ, கை தானாகத் தளர்ந்து விலகத் தொடங்கியது.

வாண்டு அந்தக் கையைப் பிடித்து இழுத்து, மறுபடியும் படத்தின்மேல் வைத்து அழுத்தினாள்.

"எடுக்காதம்மா. நானே சொல்றேன்."

விரலை முதல் எழுத்தின் கீழே வைத்தாள்.

5

சரியாகச் சொன்னாளா, திங்கட்கிழமை என்ன ஆயிற்று என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள். தெரிந்தே ஆகவேண்டும் என்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பாஸ் போடுங்கள், ஃபெயில் போடுங்கள், உங்கள் பாடு. ஆனால் அவசரப்பட்டு அந்தக் கையை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.