ஓரத்துக் காது

அந்த வீட்டில் 'அட்ஜஸ்ட்' என்ற சொல் இல்லாவிட்டால் ஒரு வேலையும் நகராது. காபியில் சர்க்கரை குறைந்தாலும் அட்ஜஸ்ட். குளியலறை வாசலில் வரிசை நின்றாலும் அட்ஜஸ்ட். கடைசிக் கொழுந்தன் சொல்லாமல் கொள்ளாமல் நாலு நண்பர்களைச் சாப்பிடக் கூட்டி வந்தாலும் அட்ஜஸ்ட்தான். சொல்வதற்கு ஆளுக்கு ஆள் உண்டு. செய்வது மட்டும் பெரிய மருமகள்.

போகட்டும், அதெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. மனசு ஆறாதது ஹாலில் மாட்டியிருந்த குடும்பப் படங்களைப் பார்க்கும்போதுதான். ஒன்றில் அவளுடைய தோள் மட்டும் இருந்தது. இன்னொன்றில் கொழுந்தன் தலைக்குப் பின்னால் அரை நெற்றி. மூன்றாவதில் ஆளே இல்லை. எல்லாருடைய கைப்பைகளையும் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தாள்.

மாமியாரின் பிறந்தநாளுக்குப் புதிய படம் எடுப்பதென்று முடிவானதும் கணவனிடம் வாய்விட்டே சொன்னாள்: "இந்தத் தடவையாவது என் முகம் முழுசா வரணும்."

"வரும் வரும். அங்க போய் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்," என்றான் அந்தப் புண்ணியவான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஸ்டூடியோ தீப்பெட்டி அளவுதான் இருந்தது. மாமியார் நடு நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்தார். "அண்ணி, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க, என்னை மறைக்கிறீங்க," என்றான் கொழுந்தன். நகர்ந்தாள். "அக்கா, என் டிரஸ்ஸே தெரியல, ப்ளீஸ்," என்றாள் ஓரகத்தி. நகர்ந்தாள். "ஏய், இன்னும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ," என்றான் கணவன். நகர்ந்து நகர்ந்து கடைசியில் பார்த்தால், போட்டோக்காரர் பக்கத்தில் நிற்கிறாள்!

"ஏம்மா, நீங்க படத்துல இல்லையா?" என்று கேட்டார் அவர்.

அவளுக்கு எங்கிருந்துதான் அப்படியொரு கோபம் வந்ததோ! விறுவிறுவென்று போனாள். நாற்காலியை ஒட்டி ஜோராக நின்றிருந்த கணவனை இடுப்பால் ஓர் இடி இடித்துவிட்டு அந்த இடத்தில் நின்றாள். அவன் தடுமாறி வரிசையின் கடைசிக்கே போனான்.

"எல்லாரும் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க," என்றாள்.

மாமியார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கேயே நில்லு. சீக்கிரம் எடுப்பா, எனக்குக் கழுத்து வலிக்குது," என்றார்.

இப்போது ஹாலில் அந்தப் படம்தான் பெரிதாக மாட்டியிருக்கிறது. அவள் முகம் பளிச்சென்று முழுசாக இருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் தவறாமல் கேட்கிறார்கள்: "ஓரத்துல ஒரு காது மட்டும் தெரியுதே, யாரோடது?"

"எங்க வீட்டுக்காரரோடது," என்கிறாள் அவள். "தங்கமான மனுஷன். நல்லா அட்ஜஸ்ட் பண்ணிப்பார்."