தூரிகை சொன்ன சாட்சி

நீலகிரியில் பச்சைத் தேயிலைக்கு விலை வீழ்ந்து, கிளென்மார்கன் பக்கம் ஒரு தொழிற்சாலை மூடிக் கிடந்த காலம். அங்கிருந்த மோட்டாரின் செம்புக் கம்பியை யாரோ உருவிச் சென்றுவிட்டார்கள். கதைகளில் இத்தகைய வழக்குக்கு நரியோ ஆந்தையோ சாட்சி சொல்ல வரும். இங்கே வந்தது அணில். முழு அணிலன்று, கைரேகைப் பொடி தடவும் தூரிகையில் இருந்த அதன் வால்முடி.

அந்தச் சாட்சி கைகாட்டிய ஆள், எமரால்டு என்ற ஊரைச் சேர்ந்த சுரேந்திரன். தோட்டத்தில் வேலை இல்லாமற்போய், திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் இடம் பிடித்திருந்தார். மாதக் கடைசிக்குள் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. பெட்டி கட்டிய வேளையில், இன்ஸ்பெக்டர் மரியஅந்தோணி அவரையும் மனைவி வாசுகியையும் ஸ்டேஷனுக்கு அழைத்தார்.

“முன்ன உன் ஊட்டுல திருடு போனப்ப, ஊட்டாளுக சாம்பிள்னு உன் வாயில பஞ்சு வெச்சு எடுத்தோமல்ல? அதே டி.என்.ஏ. மோட்டார் பெட்டியிலயும் இருக்குதாமப்பா.”

“கிளென்மார்கனுக்கு நான் போனதே இல்லீங்க சார்.”

“ஏனுங்க சார், மிக்ஸி ஜார் மூடியத் தொறக்கவே என்னையக் கூப்புடற மனுசன். இவரு மோட்டாரப் பிரிச்சாராமா?” என்றாள் வாசுகி.

சுரேந்திரன் தலைகுனிந்தார். திருட்டுப் பட்டத்தைவிட இது சற்றுக் கூடுதலாகச் சுட்டது.

“விசாரணை முடியற வரைக்கும் ஊர விட்டு நகரக் கூடாது” என்ற இன்ஸ்பெக்டருக்கும் மனம் ஒப்பவில்லை. ஆய்வுக்கூடத்துக் கெஸியாவைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கேட்டது ஒன்றுதான்: “ரெண்டு எடத்துக்கும் ஒரே பிரஷா சார்?”

கைரேகை நிபுணர் சில்வஸ்டர் அருகிலேயே இருந்தார்.

“ஆமாங்க சார். காலையில எமரால்டுல இவரு ஊடு, மத்தியானம் கிளென்மார்கன். எங்கிட்ட இருக்கறதே ஒண்ணுதானுங்க. அன்னிக்கு எமரால்டுல ஒரே மூடுபனி. பிரஷ் நனைஞ்சு, பொடி கட்டிகட்டியா ஒட்டுச்சு. இவருதான் வாங்கி, உள்ளங்கையில தேச்சு, ஊதி ஊதிக் காய வெச்சுக் குடுத்தாரு. தங்கமான மனுசன்.”

“சார் குளிர்ல நடுங்கிட்டு இருந்தாருங்க” என்றார் சுரேந்திரன்.

“உபகாரம் பண்ணி மாட்டிக்கிட்டியேப்பா!” என்றார் இன்ஸ்பெக்டர்.

தூரிகை ஆய்வுக்குப் போயிற்று. மாதத்தின் கடைசி நாள் காலையில், நால்வரும் ஸ்டேஷனில் காத்திருக்கையில், கெஸியாவின் குரல் வந்தது.

“மோட்டார் பெட்டிக்குச் சுரேந்திரன் போகல சார், பிரஷ்தான் அவரக் கொண்டு போயிருக்கும். இத வெச்சு யாரையும் புடிக்க முடியாது. இனி எடத்துக்கு ஒரு புது பிரஷ் வாங்குங்க. அப்புறம், அதுல மூணு பேரு இருக்காங்க. சுரேந்திரன், சில்வஸ்டர் சார் தெரியுது. மூணாவது ஆள் புரியல. உங்க சாம்பிளும் அனுப்பறீங்களா?”

“நான் அதத் தொட்டதே இல்லம்மா!”

சில்வஸ்டர் கூரையைப் பார்த்தார். “வர்க்கி பிஸ்கட் தின்னுட்டு, ஸ்வெட்டர்ல ஒட்டின தூள அதுலதானுங்களே சார் தட்டுவீங்க...”

இன்ஸ்பெக்டர் தொலைபேசியை மெல்ல வைத்தார். சுரேந்திரன் போகலாம் என்றார். ஆனால் ஊட்டியிலிருந்து திருப்பூர் பஸ் புறப்பட ஒரு மணி நேரமே இருந்தது. இன்ஸ்பெக்டர் தாமே ஜீப்பை எடுத்தார்.

ஊட்டி நெருங்கியதும் சுரேந்திரன் நெளிந்தார். “பஸ் ஸ்டாண்டுக்கு வெளியவே எறக்கி உடுங்க சார். போலீஸ் ஜீப்புல வந்தேன்னு நாலு பேரு பேசுவாங்க.”

“நீங்க உள்ளயே உடுங்க சார்” என்றாள் வாசுகி. “வேலைக்குப் போறவர வழியனுப்ப இன்ஸ்பெக்டரே வந்தாருன்னு நான் சொல்லிக்கறேன்.”