பாண்டிருப்புக்குப் போன கிணறு

மருதமுனையில் ஸைனுலாப்தீனின் வளவுக்குள் இருந்த கிணறு, வாந்திபேதி ஓய்ந்த அடுத்த மாசி மாதம், ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரத்தில், கட்டோடும் கப்பியோடும் எட்டடி தெற்கே நகர்ந்து நின்றது. தொழுதுவிட்டு வந்தவர் காலில் ஒட்டிய மணலைக் கழுவப் போய், கிணறு இருந்த இடத்தில் ஈரத் தரையைத்தான் கண்டார். கிணறு அடுப்பெரியும் குசினிக்குப் பின்னால் நின்றது. கட்டின்மேல் காலையில் வைத்த வாளி வைத்தபடியே இருந்தது. அந்த வாரம் தறி நூல் விலை ஏறியிருந்ததும் அன்றுதான் அவர் காதுக்கு வந்தது. இரண்டில் நூல் விலைதான் அவரைக் கூடுதலாக வருத்தியது.

வாந்திபேதி பல நாடுகளைச் சுற்றிவிட்டு வருகிறது என்று வானொலி முன்கூட்டியே சொல்லியிருந்தது. மருதமுனைக்கு அது மாரி வெள்ளத்தோடு வந்தது. தெருவுக்குத் தெரு ஆட்கள் செத்துப் போனார்கள். ஸைனுலாப்தீனின் மனைவி உம்மு ஸல்மாவும் போனாள். வீடும் வளவும் கிணறும் அவளுக்கு வாப்பா கொடுத்த சீதனம். வளவை ஒட்டிய கைத்தறிச் சாலை மட்டும் ஸைனுலாப்தீன் தன் உழைப்பில் போட்டது. நோய் ஓய்ந்ததும் சுகாதாரப் பரிசோதகர் குணம் சைக்கிளில் வந்து வீடு வீடாகச் சொன்னார்: மலக்குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் ஐம்பது அடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இந்த நோய் திரும்பி வரும். எல்லோரும் ஓம் என்றார்கள். ஆனால் ஐம்பது அடிக்கு எவரிடமும் இடம் இருக்கவில்லை. மகளுக்கு ஒரு வீடு, பேத்திக்கு ஒரு வீடு என்று ஒரே வளவைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்து, கிணறும் குழியும் தோளோடு தோள் ஒட்டி நிற்கிற ஊர் அது. ஸைனுலாப்தீனும் மகள் றிஸ்னாவின் சீதன வீட்டுக்கு அந்த வளவிலேயே அத்திவாரம் வெட்டி வைத்திருந்தார். ஆகையால் சட்டம் சட்டமாகவே இருந்தது. மனிதர்கள் செய்யாததைக் கிணறுகள் செய்யத் தொடங்கின.

பங்குனிக்குள் பல தெருக்களில் கிணறுகள் புறப்பட்டுவிட்டன. வெயில் உச்சிக்கு ஏறி ஆட்கள் கண்ணயரும் நேரத்தில்தான் நகரும், பார்த்துக்கொண்டிருந்தால் நகராது. சில கிணறுகள் குழிகளுக்குப் பயந்து கடற்கரைக்குப் போய் உப்பாகிப் போயின. இரண்டு கிணறுகள் பள்ளிவாசல் மதிலோரம் முட்டிக்கொண்டு ஒன்றாகின. சிலர் கிணற்றைச் சுற்றி மதில் கட்டினார்கள். மறுநாள் மதில் நின்றது, உள்ளே மணல் இருந்தது. ஸைனுலாப்தீன் கப்பித் தூணைத் தென்னை மரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினார். சித்திரையில் தென்னை தெற்கே சாய்ந்து, பிறகு வேரோடு வந்தது. அதற்குப் பின் அவருக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தறிச் சாலையில் நின்றால் வளவுக்கு ஓடுவார், வளவுக்கு வந்தால் வயிற்றில் ஏதோ இரைகிறதென்று ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே கிணற்றைச் சுற்றி நடப்பார்.

“இருந்து தின்னுங்க வாப்பா,” என்பாள் றிஸ்னா.

“கிணறு போகுது, நான் எப்பிடி இரிக்கிற?”

“குடிக்கத் தண்ணியில்லாத ஊட்டுக்கு எந்த மாப்பிள்ள வருவான்? அத்திவாரத்த மூடுங்க. அந்த இடத்தக் கிணத்துக்கு உடுங்க.”

அவர் மூடவில்லை. வைகாசியில் கிணறு வேலியைத் தாண்டியது. இரண்டு ஒழுங்கைகளைக் கடந்து எல்லைத் தெருவுக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை அதையும் கடந்து, தமிழ் ஊரான பாண்டிருப்புக்குள் போய்விட்டது. தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு அந்தத் தெருவை இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் கடப்பதில்லை, அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கம் வருவதில்லை. இரண்டு பக்கத்திலும் ஆட்களைப் பறிகொடுத்திருந்தார்கள். ஸைனுலாப்தீன் தெருவோரம் வந்து நின்றார், திரும்பினார், மறுபடி வந்தார். பின்நேர அஸர் பாங்கு சொல்லும்வரை இப்படியே அலைந்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு கடந்தார்.

கிணறு பூமணியின் வளவில் நின்றது. தொண்ணூறில் வெளியே போன கணவன் பூபாலசிங்கம் திரும்பி வராததால் அவள் தனியே இருந்தாள். சுற்றி நாலு பக்கமும் வெறும் வளவுகள்: கூரையில்லாச் சுவர்கள், எருக்கலை, யாரும் பறிக்காத தேங்காய். அந்த வீட்டுக்காரர்கள் அகதி முகாம்களில் இருந்தார்கள். கிணறு அங்கே ஏன் வந்ததென்று ஸைனுலாப்தீனுக்குப் பார்த்ததுமே விளங்கியது. ஐம்பது அடிக்கு அப்பால் பூமணியின் குழியைத் தவிர, கண்ணுக்கெட்டிய தூரத்தில் புழக்கத்தில் ஒரு குழிகூட இல்லை.

“காக்கா, இது உங்கட கிணறா? கூட்டிப் போறெண்டாக் கூட்டிப் போங்க,” என்று அண்ணன்முறை வைத்துச் சொன்னாள் பூமணி.

“கூட்டிப் போக இது மாடா புள்ள?”

“அப்ப தண்ணி அள்ளுங்க. சும்மா ஏன் நிக்கிறீங்க?”

அவர் அள்ளிக் குடித்தார். உம்மு ஸல்மாவின் வாப்பா வெட்டிய கிணற்றின் அதே தண்ணீர், ஆனால் அவளை மணமுடித்து அவர் அந்த வீட்டுக்கு வந்த காலத்துச் சுவை. இன்னொரு வாளி அள்ளி அதையும் குடித்தார். பிறகு வியாபாரிக்குரிய குரலில், இந்த வெறும் வளவுகளை விலைக்கு வாங்கிவிட்டால் கிணறு இங்கேயே நிற்கும் என்றார்.

“அது என்ட இல்ல விக்கிறதுக்கு. அவங்க வருவாங்க.”

“ஆறு வருசமா வராதவங்க...”

“வருவாங்க காக்கா. வந்தா வீடு கட்டுவாங்க, குழி வெட்டுவாங்க. அப்ப இந்தக் கிணறு எங்க போகும்?”

ஸைனுலாப்தீன் கிழக்கே கடற்கரை வரைக்கும் யோசித்துப் பார்த்தார். அங்கே கடல் இருந்தது. மேற்கே வயல் வரைக்கும் யோசித்தார். அங்கே வெள்ளம் வரும். அன்று வீட்டுக்குப் போனவர் றிஸ்னாவின் அத்திவாரத்தை மூடினார். நெசவாளர்களுக்காக வெட்டியிருந்த மலக்குழியையும் சுண்ணாம்பு போட்டு மூடினார். நூலுக்குச் சாயம் தோய்க்கிற தண்ணீர் போய் விழும் சாயக் குழியை மட்டும் மூடக் கை வரவில்லை. அதற்கு இன்னும் ஒரு மாதம் எடுத்தது.

குணம் இரண்டு ஊராரையும் அழைத்து, ஆனியில் பூமணியின் வளவில், கிணற்றைச் சுற்றிக் கூட்டம் நடந்தது. பள்ளிவாசல் நிர்வாகத்தார் ஒரு பக்கம் இருந்தார்கள், கோயில் சபையார் மறுபக்கம் இருந்தார்கள், குணம் நடுவில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். குழிகளைத் தெருவுக்குத் தெரு பொதுவாக்கி, மேட்டு நிலத்தில் சீமெந்துத் தொட்டியாகக் கட்டுவது என்று பேச்சு வந்தபோது நூல் வியாபாரி மஜீட் எழும்பினார். “என்ட வளவுக்க நான் குழி வெட்ட ஆரிட்டக் கேக்கணும்?”

“உன்ட கிணறு எங்க மஜீட்?” என்று ஸைனுலாப்தீன் கேட்டார்.

மஜீட்டின் கிணறு கடற்கரையில் உப்பாகிக் கிடந்தது. அவர் உட்கார்ந்தார்.

பிறகு ஸைனுலாப்தீன், தொழுகை வரிசையில்கூட ஒழுங்காக நிற்க முடியாமல் போன அந்த மனிதர், கூட்டத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். இங்கே இருக்கிற நமக்கு மட்டும் சட்டம் போட்டால் காணாது, முகாமில் இருக்கிறவர்களுக்கும் இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கும் ஐம்பது அடி ஒதுக்கி வைக்க வேண்டும் என்றார். வராதவனுக்கு எப்படி இடம் ஒதுக்குவது என்று கோயில் சபையில் ஒருவர் கேட்டார். “ஊட்டுல ஒரு ஆளுக்குச் சோறு எடுத்து வெக்கிற மாதிரித்தான்,” என்று அவர் சொன்னார். பூமணி தலையைக் குனிந்துகொண்டாள். கிணறு எவருக்கும் சொந்தமில்லை, அது எங்கே நிற்கிறதோ அந்த வளவுக்காரர் படலையைத் திறந்து வைக்க வேண்டும் என்பதும் அன்றுதான் முடிவானது.

சொன்னதெல்லாம் உடனே நடக்கவில்லை. சீமெந்து வராமல் ஒரு வருடம் போனது. ஊரடங்குச் சட்டத்தில் சில மாதங்கள் போயின. சண்டை பிடித்துத் திரும்பவும் தன் வளவுக்குள் குழி வெட்டியவர்களும் உண்டு; அவர்களுடைய தெருவில் கிணறுகள் அடுத்த நாளே கிளம்பிவிடும், அயலவர்களே வந்து குழியை மூடுவார்கள். றிஸ்னாவுக்குத் தறிச் சாலையின் பாதியை இடித்து வீடு கட்டினார்கள். மாப்பிள்ளை றிஸ்வான் வேறு வளவிலிருந்து தண்ணீர் சுமக்கச் சம்மதித்தே வந்தான். எல்லைத் தெருவை இரண்டு பக்கத்துப் பெண்களும் குடத்தோடு கடந்தார்கள். முதலில் கும்பலாக, பிறகு இருவர் மூவராக, பிறகு தனியாக. வாந்திபேதி தெற்கே கோமாரி ஊர்ப் பக்கம் இன்னொரு முறை வந்ததாகச் செய்தி வந்தது. மருதமுனைக்கும் பாண்டிருப்புக்கும் அது வரவில்லை.

தொண்ணூற்றொன்பதில் முகாமிலிருந்து முதல் குடும்பம் திரும்பியது. தங்கள் வளவுக்குப் பக்கத்தில் ஊர்க் கிணறு ஒன்று வந்து நிற்பதை அவர்கள் வியப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. குழிக்கு எந்தப் பக்கம் இடம் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள். கிணறுகள் நகர்வதை முழுதாக நிறுத்தவும் இல்லை. ஆட்கள் கூடக் கூட, கொஞ்சம் விலகி வழி விடும். ஸைனுலாப்தீனுக்கும் கடைசிவரை இருப்புக் கொள்ளவில்லை. தினமும் மத்தியானம் லுஹர் தொழுததும் எல்லைத் தெருவைக் கடந்து போய்விடுவார்.

“எப்பிடிப் புள்ள இண்டைக்கு?” என்று படலையில் நின்று கேட்பார்.

“அரையடி. கடல் பக்கம்,” என்பாள் பூமணி, மீன் வெட்டிக்கொண்டே.

அவர் அரையடி தள்ளி நின்று தண்ணீர் அள்ளுவார்.