நிறுத்துகிற இடத்துக்கு வழியில்லை

என் மகன் ஜெபசிங்கை ஐஸ் உடைக்கிற மெஷின் இழுத்துக்கொண்டது. முட்டுக்காட்டுப் பக்கம் மீனுக்கு ஐஸ் போடுகிற கம்பெனி. நானும் அங்கேதான் வாட்ச்மேன். மூடியைத் திறந்தால் அந்த மெஷின் தானாக நிற்க வேண்டும். நிற்கவில்லை.

முதலாளி கோதண்டராமன் பிணத்தை எடுப்பதற்குள் சொல்லிவிட்டான்: "யோவ் ஆபிரகாம், மெஷின் நிக்காம இருக்க மூடி ஸ்விட்சை உன் பையன்தான் கம்பி போட்டுக் கட்டிட்டான்." விசாரணையில் அப்படியே எழுதினால் மருமகள் ஜாய்ஸுக்கு நஷ்டஈடு இல்லை. செத்தவன் பேரும் கெட்டது.

மெஷினுக்கு உத்தரவு போடுவது அதன் கரண்ட் பெட்டிக்குள் இருக்கிற சின்ன சர்க்யூட் அட்டைதான் என்று எனக்குத் தெரியும். போலீஸ் வருவதற்குள் கழற்றிவிட்டேன். எவனையும் நம்பவில்லை.

எங்கள் தெரு தாமோதரன் மகள் அனு, பொத்தேரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். அட்டையில் ஒயரைக் கோர்த்தாள். லேப்டாப் முழுக்க எண்கள்.

"இதுல இன்னாம்மா கீது, வெறும் நம்பரு?"

"மெஷினுக்கு இதான் பாஷை அங்கிள். டிஸ்அசெம்பிளர்ல போட்டா மனுசன் படிக்கிற மாதிரி வரும்."

வந்தது. வரிக்கு ஒரு சின்னக் கட்டளை. எடு, ஒப்பிடு, தாவு என்று விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள்.

"மூடி திறந்திருக்கான்னு பாக்குது. அடுத்து மோட்டாரை நிறுத்துற இடத்துக்குத் தாவணும். அந்தக் கட்டளையை எடுத்துட்டு 'நாப்' வெச்சிருக்காங்க. ஒண்ணும் செய்யாதேன்னு அர்த்தம். நிறுத்துற இடம் கீழ அப்படியே இருக்கு அங்கிள், அங்க போகத்தான் வழியில்ல."

"எவன் வெச்சான்?"

"பேரெல்லாம் இதுல வராது."

ஐஸ் சிக்கினால் மூடியைத் திறந்து கழியால் குத்துவோம். ஒவ்வொரு தடவையும் மெஷின் நின்றால் லாரி காத்துக் கிடக்கும். எவன் வைக்கச் சொன்னான் என்று எனக்கா தெரியாது.

செங்கல்பட்டில் நஷ்டஈட்டு விசாரணை. அனு சொன்னதை அதிகாரி கவனமாகத்தான் கேட்டார். பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தான்.

"அட்டை இவ்வளவு நாள் எங்க இருந்தது பெரியவரே?"

"என் வூட்ல. அரிசி டப்பாவுல."

"யார் கழட்டினது?"

"நான்தான். வுட்டா நீங்க மாத்திடுவீங்க."

சிரித்தான். அனு பக்கம் திரும்பினான். "ஏம்மா, இதைப் படிக்கத் தெரிஞ்ச உனக்கு ஒரு 'நாப்' எழுதத் தெரியாதா?"

"தெரியும் சார். ஆனா நான் எழுதல."

அதிகாரி என்னைப் பார்த்தார். "இருந்த இடத்துலயே விட்டிருக்கணும் பெரியவரே. இதை நான் சாட்சியா எடுத்துக்க முடியாது."

"அப்ப என் புள்ளதான் கம்பி கட்டினான்னு எழுதிடுவியா?"

அப்படித்தான் எழுதினார்.

வெளியே ஜாய்ஸ் நின்றிருந்தாள்.

"இன்னா மாமா சொன்னாங்க?"

"அவன் தப்புன்னுட்டாங்க. அட்டையை நான் கழட்டினதால."

கழற்றாமல் விட்டிருந்தால் மட்டும் அந்த 'நாப்' அங்கே இருந்திருக்குமா, யார் கண்டது. ஜாய்ஸ் எனக்காக நிற்காமல் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தாள்.