வத்தகப்பழத்துக்கு ஓர் அடி

இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லப்படவில்லை. ஊர்காவற்றுறை அந்தோனியார் சொரூபத்தில் கை வைத்துச் சத்தியம் பண்ணத் தயார்; சொரூபம் இப்போதைக்கு எட்டாயிரம் மைல் தள்ளி இருப்பதால் நெஞ்சில் கை வைத்துப் பண்ணுகிறோம். 1987ஆம் ஆண்டு ஆடி மாதத்து இரண்டாவது சனிக்கிழமை, இல்-பிசார் தீவின் ஆற்றங்கரையில், ஓய்வுபெற்ற தபாலதிபர் நீக்கிலாப்பிள்ளை தன் அறுபத்தாறாவது வயதில் முதன்முதலாகப் பொறாமைப்பட்டார். அதற்கு முன்னர் பட்டதெல்லாம் வெறும் எரிச்சல்.

செயின்ட்-மிஷேலில் மகள் இமெல்டாவின் வீட்டுக்குக் கீழ்த்தட்டில் ஹயாஷி என்றொரு யப்பானியர் இருந்தார். எழுபத்துநான்கு வயது, மனைவி காலமாகிவிட்டார், தோட்டவேலை செய்து ஓய்ந்தவர். அவர்களுடைய முதியோர் சங்கம் கோடையில் ஒருநாள் கூடி விளையாடும். அதற்குத்தான் மேல்மாடிக்காரரையும் அழைத்தார். இமெல்டாவுக்குச் சனிக்கிழமையும் தையல் தொழிற்சாலையில் வேலை. ஹயாஷி தன் காரின் முன்கதவைத் திறந்து யோசெப்பினை முன்னுக்கு இருத்தினார். கணவரைப் பின்னுக்கு ஏற்றினார், ஒரு வத்தகப்பழத்தோடு, தர்ப்பூசணி என்பார்களே, அதோடு. சின்னப் பழம் அல்ல. வளைவுகளில் அது நீக்கிலாப்பிள்ளையின் மடிக்கு வந்தது. ஒரு சந்தியில் மறித்த பொலிஸ்காரன் குனிந்து பார்த்து, பழத்துக்குத்தான் வணக்கம் சொன்னான்.

வழி முழுக்க ஹயாஷி தன் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டாம் உலக யுத்தகாலத்தில், இதே நாட்டு வன்கூவரில், யப்பானியரென்று அரசாங்கம் வீட்டையும் மீன்பிடி வள்ளத்தையும் பறித்து, குடும்பத்தை ரயிலில் ஏற்றிவிட்ட கதை. இங்கிலீசில் ஒரு சொல் தெரியாத யோசெப்பின், உச்சுக்கொட்ட வேண்டிய இடங்களிலெல்லாம் பிசகாமல் உச்சுக்கொட்டினாள்.

“பாவம் மனுசன். வள்ளத்தையும் விட்டிட்டெல்லோ வந்திருக்குது.”

“உமக்கு இங்கிலீசு விளங்கினதோ?” என்று பின்னாலிருந்து கேட்டார் நீக்கிலாப்பிள்ளை.

“முகத்தைப் பாத்தால் விளங்காதோ?”

அவரும் வீட்டைவிட்டு வந்தவர்தான். ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் யோசெப்பின் பின்னுக்குத் திரும்ப வேண்டும், அவள் திரும்பவில்லை. அகதிக் கதையிலும் அந்த மனிதர் நாற்பத்தைந்து வருடம் மூப்பு. அதில்கூட முந்த வழியில்லை. முப்பத்தைந்து வருடம் மேலதிகாரிகளுக்கு இங்கிலீசில் கடிதம் எழுதிய தன்னை, இரண்டு வரி மொழிபெயர்க்கச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லையே என்ற நினைப்பு, மடியிலிருந்த பழத்தைவிடப் பாரமாக இருந்தது.

கரையில் மேப்பிள் மரங்களுக்கிடையே கயிறு கட்டிக் கடதாசி விளக்குகள் தொங்கவிட்டிருந்தார்கள். நிழலில் ஒரு நீலப் பிளாஸ்ரிக் தொட்டி, அதற்குள் தங்கமீன்கள். தொட்டியைச் சுற்றி மடக்குக் கதிரைகளில் கிழவர்களும் கிழவிகளும். கைப்பிடி போட்ட வளையமொன்றில் மெல்லிய கடதாசி ஒட்டியிருக்கும். அதால் மீனை அள்ளிக் கிண்ணத்தில் போட வேண்டும். கடதாசி கிழிந்தால் ஆட்டம் முடிந்தது. நீக்கிலாப்பிள்ளையின் கடதாசி தண்ணீரைத் தொடுவதற்கு முன்னரே, தண்ணீரின் நினைப்பிலேயே கிழிந்துவிட்டது. யோசெப்பின் வளையத்தை எடுத்தபோது ஹயாஷி அவளுடைய மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்து, கொஞ்சம் சரித்தார்.

“சரிச்சு விடோணுமாம். நேர இறக்கினால் கிழிஞ்சிடுமாம்,” என்றாள் யோசெப்பின், கணவர் கேளாமலே.

“கையைப் பிடிச்சுத்தான் காட்டவேணுமோ? வாயால சொன்னால் என்ன?”

“வாயால சொன்னால் உங்களுக்கெல்லோ விளங்கும்.”

ஒரே கடதாசியில் முப்பத்தெட்டு மீன் அள்ளினாள். முப்பத்தொன்பதாவது மீன் தானாகவே கிண்ணத்துக்குள் பாய்ந்தது. சங்கத்தின் செயலாளர் அதைச் சேர்க்கவில்லை. ஆகவே நாமும் சேர்க்கவில்லை. ஹயாஷி எழுந்து நின்று இடுப்பு வளைத்து அவளுக்கு வணக்கம் செய்தார். “உங்கள் மனைவிக்கு மீன்களின் மனசு தெரியும்,” என்று நீக்கிலாப்பிள்ளையிடம் இங்கிலீசில் சொன்னார். கடைசியில் மொழிபெயர்க்க ஒரு வசனம் கிடைத்தது. நீக்கிலாப்பிள்ளை அதை மொழிபெயர்க்கவில்லை.

“என்ன சொல்லுறார்?”

“வெயிலாம்.”

அவள் நம்பினாளோ என்னவோ. சிரித்தாள். நாற்பத்தொரு வருடக் குடித்தனத்தில் யோசெப்பின் சிரித்தால் சேலைத் தலைப்பு வாய்க்கு வரும். அன்றைக்குத் தலைப்பு தோளிலேயே கிடந்தது, பல்லெல்லாம் தெரிந்தது. இத்தனை பல் இவளுக்கு எப்போது வந்தது என்று நீக்கிலாப்பிள்ளை யோசித்தார். பரிசாக ஹயாஷி ஒரு கடதாசி விசிறி கொடுத்தார், நீலப்பூப் போட்டது. விசிறி யோசெப்பினின் கையில் இருந்தது. காற்று ஹயாஷியின் பக்கம் போனது. நீக்கிலாப்பிள்ளை இரண்டு தரம் கதிரையை மாற்றிப் போட்டார். காற்றும் இரண்டு தரம் பக்கம் மாறியது.

பிறகு வத்தகப்பழத்தைப் புல்லில் விரித்த பாயில் வைத்தார்கள். கண்ணைத் துவாயால் கட்டி, கையில் தடியைக் கொடுத்து, ஐந்து சுற்றுச் சுற்றி விடுவார்கள். சுற்றி நிற்பவர்கள் வலம் இடம் சொல்லிக் கூப்பிட, அந்தக் குரல்களை நம்பிப் போய்ப் பழத்தை உடைக்க வேண்டும். ஹயாஷி முதலில் போனார். “மிகி, மிகி,” என்று கூப்பிட்டது யார் என்று நினைக்கிறீர்கள்? யோசெப்பின். வலதுக்கு மிகி, இடதுக்கு ஹிதாரி. தபாற்கந்தோர்க்காரனைக் கட்டி நாற்பத்தொரு வருடத்தில் ‘ஸ்ராம்ப்’ என்று திருத்தமாகச் சொல்ல வராதவள், ஒரு காலைப்பொழுதில் யப்பான் பாசை படித்துவிட்டாள். ஹயாஷியின் அடி பழத்தின் ஓரத்தில் பட்டு வழுக்கியது. தோலில் ஒரு கீறல், அவ்வளவுதான்.

“எனக்குத் தாங்கோ,” என்று எழுந்தார் நீக்கிலாப்பிள்ளை.

“விழுந்துகிழுந்து போகாதேங்கோ. இடுப்பு உடைஞ்சால் ஆர் பாக்கிறது?”

“நீர் உம்மட வேலையைப் பாரும். விசிறும்.”

அவருக்கு இது புதிதல்ல. ஊரில் சித்திரை விளையாட்டுப் போட்டியில், கண்ணைக் கட்டி மண்முட்டி உடைப்பதில் ஏழு வருடம் தொடர்ந்து அவர்தான் முதலாம் இடம். ஐந்து சுற்றுச் சுற்றி விட்டார்கள். ஆறாவது சுற்றைப் பூமி சுற்றியது. நீக்கிலாப்பிள்ளை நாலெட்டு வைத்து, தடியை ஓங்கி, தலைக்கு மேலே ஓர் அடி அடித்தார். முட்டி எப்போதும் கயிற்றில், மேலேதானே தொங்கும். கடதாசி விளக்கொன்று ஆற்றைத் தாண்டி லவால் கரையில் போய் விழுந்தது. அக்கரைக்குக் கார் ஏற்றிப் போகும் மிதவைப் பாதை நடு ஆற்றில் நின்றுவிட்டது. பாதைக்காரன் பார்க்க வேண்டுமென்று நிறுத்தினானாம்.

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் கூப்பிட்டார்கள். ஐம்பது கிழக் குரல்கள், மிகி, ஹிதாரி, போதாததற்குப் பிரெஞ்சிலும் இடம் வலம், கோஷ், துவா. அதற்குள் ஒரு குரலை நீக்கிலாப்பிள்ளை தேடினார். அந்த ஒன்று இல்லை. தடியை இறக்கினார்.

“இஞ்சேரும்,” என்றார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவது. அதற்கு ஒரு குரல் எப்போதும் பதிலாக வரும், அடுப்படியிலிருந்தோ கிணற்றடியிலிருந்தோ. இப்போது வரவில்லை.

“இஞ்சேரும், எந்தப் பக்கம்?”

கூட்டம் அடங்கியது. ஆற்றில் பாதையின் கம்பி முனகியது மட்டும் கேட்டது. துவாய்க்குள் இருட்டு. அந்த இருட்டில் ஹயாஷியின் முகமும் இல்லை, விசிறியும் இல்லை. நீக்கிலாப்பிள்ளைக்கு வியர்த்தது. பிறகு, ஊர்ச்சனம் கேட்டால் என்ன நினைக்குமென்று நாற்பத்தொரு வருடம் வாய்க்குள்ளேயே வைத்திருந்ததை, ஐம்பது யப்பானியருக்கு முன்னால் வெளியே விட்டார்.

“யோசெப்பின்.”

இடப்பக்கம், தோளுக்குக் கிட்ட, மெதுவாக வந்தது குரல்.

“ரெண்டு எட்டு முன்னுக்கு வையுங்கோ. மேல இல்லை. கீழ.”

வைத்தார். அடித்தார். பழம் வெடித்த சத்தத்துக்கு மேப்பிள் மரங்களிலிருந்து குருவிகள் எழும்பின. சாறு முழங்கால் வரை தெறித்து, குளிர்ந்து, செருப்புக்குள் வடிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். துவாயை அவிழ்க்கச் சொல்லி யாரோ முதுகில் தட்டினார்கள். நீக்கிலாப்பிள்ளை இரண்டு கையாலும் தடியைப் பிடித்தபடி நின்றார். துவாயை அவிழ்க்கவில்லை.

அதுவரை ஊரிலேயே இருந்த யோசெப்பினுக்கு விசா கிடைத்து, அவள் மிராபெல் விமான நிலையத்தில் வந்து இறங்கியது 1989ஆம் ஆண்டு மார்கழி பதினோராம் திகதி.