ஒரே கூண்டில்

ஆஸ்டின் டவுனில் மூன்றாம் மாடியில் வீடு என்று சொன்னால் கேட்பவர்களுக்கு ஏதோ பெரிய இடம் போலத் தோன்றும். மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை அது. காலை டிபன் முடிவதற்குள் ஷீட் சூடேறிவிடும். அப்புறம் ஃபேன் அந்தச் சூட்டை எடுத்து எங்கள் தலையில் கொட்டும். மத்தியானம் குடத்துத் தண்ணீரும் வெந்நீர்தான். பெங்களூர் குளுகுளு ஊர் என்று எவன் சொன்னானோ, அவனை ஒரே ஒரு ஏப்ரல் மத்தியானம் எங்கள் அறையில் வைத்துப் பூட்ட வேண்டும்.

என்னை விடுங்கள், நான் எதையும் தாங்குவேன். என் வீட்டுக்காரர் ஆதிகேசவனால்தான் முடியவில்லை. கோலார் தங்க வயலில் சுரங்கத்தை மூடுகிறவரைக்கும் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர். தங்கமெல்லாம் யார் யாருக்கோ போய்ச் சேர்ந்தது. பாறைத் தூசி மட்டும் இவர் நெஞ்சில் தங்கிவிட்டது. இந்த வருஷ வெக்கையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினாலே மூச்சு வாங்கியது.

"மருந்து நான் குடுக்கறேன். ஆனா இந்தச் சூட்டை இவர் நுரையீரல் தாங்காதும்மா. மத்தியான நேரத்துல எங்கயாவது குளிர்ச்சியான எடத்துல வெச்சிருங்க. இல்லாட்டி இந்தக் கோடையைத் தாண்டறது கஷ்டம்" என்றார் டாக்டர். ஏ.சி. வாங்குங்கள் என்று அவர் சொல்லவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

அன்றிலிருந்து எங்களுக்கு இதுதான் வேலை. சோற்றை டப்பாவில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் கிளம்பி, ஊரில் எங்கே ஜில்லென்று இருக்கிறது என்று தேடுவது.

முதலில் கீழ் வீடு. வீட்டுச் சொந்தக்காரி மௌரீன் மேடம் நல்ல மனுஷி. பழைய காலத்துக் கனமான சுவர், உள்ளே போனால் உயிர் வரும். ஆனால் அவள் மகன் க்ளென் ஹாலில் உட்கார்ந்துதான் ஆபீஸ் வேலை பார்க்கிறான். அவன் கம்ப்யூட்டரில் அமெரிக்காக்காரர்களோடு பேசிக்கொண்டிருக்கும்போது இவர் இருமினார். சுரங்கத்து இருமல் சாதாரண இருமல் இல்லை, அடி வயிற்றிலிருந்து கிளம்பி வரும். அந்த அமெரிக்காக்காரர்கள் க்ளென்னுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று நினைத்து லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மறுநாள் நாங்கள் போகவில்லை.

நூலகத்தில் இருமலுக்கு ஆளாளுக்குத் திரும்பிப் பார்த்தார்கள். பேப்பர் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் மேஜையில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பெரிய மாலுக்குப் போனோம். நடந்துகொண்டே இருந்தால் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. உட்கார்ந்தால்தான் தப்பு. "அம்மா, இல்லி கூரபேடி" என்று செக்யூரிட்டிக்காரர் கன்னடத்தில் எழுப்பிவிட்டார். நடக்க முடியாதவனுக்கு மால் எதற்கு? ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் காத்திருக்கும் ஹாலில் இரண்டு நாள் ஓட்டினோம். அங்கே மட்டும்தான் இவர் இருமலுக்கு மரியாதை இருந்தது. மூன்றாம் நாள் நர்ஸ் வந்து எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டாள். நான் சுவரில் ஏதாவது டாக்டர் பெயர் தெரிகிறதா என்று தேடினேன். இவரோ, "இங்க ஃபேன் நல்லா கீதும்மா, அதான்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

எங்கள் மகள் சங்கமித்ரா பொம்மனஹள்ளியில் ஒரு ஆபீஸில் வேலை செய்கிறாள். தங்கியிருப்பது பெண்கள் விடுதியில், அப்பாவை அங்கே வாசலுக்குள்கூட விடமாட்டார்கள். அவள்தான் போனில் சொன்னாள்.

"ம்மா, மெட்ரோ ஸ்டேஷனுக்குப் போங்க. கப்பன் பார்க்காண்ட கீறது பூமிக்கு அடியில. டிக்கெட் எடுக்கற எடம் வரைக்கும் சும்மாவே போலாம். ஜில்லுனு இருக்கும்."

இவர் காதில் அது விழுந்ததுதான் தாமதம், கையை ஓங்கி ஆட்டினார். "பூமிக்கு அடியிலயா? வாணாம். அவளுக்கு இன்னா தெரியும்? கீழ போனா வெந்துடுவோம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. தங்க வயலில் இறங்க இறங்கச் சூடுதான். அடி மட்டத்தில் பாறைமேல் கை வைக்க முடியாது என்பார்கள். மேலிருந்து குளிர்ந்த காற்றைக் குழாயில் அனுப்பினால்தான் ஆள் நிற்க முடியும். இருபது வருஷம் அந்த அடுப்புக்குள் நின்ற மனிதருக்கு, பூமிக்கு அடியில் குளிரும் என்று எப்படிப் புரியவைப்பது? நானும் கீழே போய்ப் பார்த்தவள் இல்லை. பெண்களை இறக்கமாட்டார்கள். எங்களுக்கு மேலேதான் வேலை. விபத்துச் சைரன் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவது, சுரங்க வாசலில் நிற்பது, ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு மேலே வரும்போது யார் முகம் என்று பார்ப்பது.

அந்த வாரம் கரண்ட்டும் போய்ப் போய் வந்தது. ஒரு மத்தியானம் இவர் கட்டிலில் உட்கார்ந்து வாயைத் திறந்து திறந்து மூடினார். உதடு கறுத்துவிட்டது. நான் பயந்துபோனேன். பயம் வந்தால் எனக்குக் கோபம்தான் வாயில் வரும்.

"யோவ், சாவறதுன்னா இங்கயே சாவு. பொழைக்கணும்னா எந்திரி. மெட்ரோவுக்குப் போலாம்."

அவர் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார். பிறகு, "வரேன். ஆனா நீ எறங்கக்கூடாது" என்றார்.

அது எனக்கும் தெரிந்த கட்டுப்பாடுதான். எங்கள் சுரங்கத் தொழிலாளர் லைனில் எல்லா வீட்டிலும் உண்டு. ஒரே வீட்டு ஆட்கள் இரண்டு பேர் ஒரே கூண்டில் இறங்கக்கூடாது. அப்பன் காலை ஷிஃப்ட் என்றால் பிள்ளை ராத்திரி ஷிஃப்ட். இவரும் இவர் தம்பியும் ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தும் ஒரு நாள்கூடச் சேர்ந்து இறங்கியதில்லை. கீழே ஏதாவது ஆனால் குடும்பத்துக்கென்று மேலே ஒரு ஆள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

"இது சுரங்கமாய்யா? சின்னச் சின்னக் குழந்தைங்கல்லாம் போய் வருது."

"நீ மேல இருக்கறதுன்னா வரேன்" என்று திரும்பவும் அதையே சொன்னார். அவரோடு சண்டை போடத் தெம்பு இல்லை. ஆட்டோ பிடித்தேன்.

ஸ்டேஷன் வாசலில் லிஃப்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "கூண்டு" என்றார். கண்ணாடிக் கதவு திறந்தது, உள்ளே போனார், ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அப்படித்தான் சுரங்கத்திலும் இறங்குவார்கள் என்று சொல்லியிருக்கிறார். கதவு மூடியது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன பயம் அப்படியே திரும்பி வந்தது.

வெயில் தாழ்ந்தபிறகு மேலே வந்தவரைப் பார்த்தால் வேறு ஆள். முகத்தில் களை. "தனம், நெஜமாவே ஜில்லுனு கீது! செவுத்தைத் தொட்டுப் பாத்தேன். குளுருது!" என்று குழந்தை மாதிரி சொன்னார். "தூங்கினியா?" என்று கேட்டேன். "கீழ எவனாவது தூங்குவானா?" என்றார்.

அப்புறம் தினமும் அங்கேதான். அவர் கீழே, நான் மேலே. நடைபாதையில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் சண்முகம் என்பவர் இளநீர் விற்கிறார், தர்மபுரிக்காரர். அவர் சாக்கு ஒன்றை விரித்துக் கொடுத்தார், அதில் உட்கார்ந்திருப்பேன். நிழல் மத்தியானத்தில் நகர்ந்து ரோட்டுப் பக்கம் போய்விடும். நானும் சாக்கை இழுத்துக்கொண்டு நகர்வேன். பஸ் புகையும் தார் ரோட்டின் அனலும் ஒன்றாகச் சேர்ந்து முகத்தில் அடிக்கும்.

"இன்னாம்மா இது கூத்து? நீயும் கீழ போய் குந்தறதுதானே? உன்ன யாரு தடுக்கறா?" என்று சண்முகம் தினமும் கேட்பார். "எங்க ஊட்டுக்காரர்தான்" என்பேன். அவர் இவரைப் பற்றி என்ன நினைத்தாரோ.

எனக்கும் எரிச்சல் இல்லாமல் இல்லை. தலை வலித்தது, ராத்திரியில் கால் ஆடுசதை இழுத்துப் பிடித்தது, ஒன்றுக்குப் போனால் எரிந்தது. சொல்லவில்லை. சொன்னால் அவர் இறங்கமாட்டார் என்று தெரியும். அவருக்கு இருமல் குறைந்திருந்தது, ராத்திரி ஒரு வாய் கூடச் சாப்பிட்டார். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டாக்டரும் மகளும் நானும் எல்லாரும் அவர் வெயிலைத் தாண்டுவாரா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம். என்னைப் பற்றி யாருக்கும் தோன்றவில்லை, எனக்கே தோன்றவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை. அன்று காற்றே இல்லை. காக்காய்கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. சோற்று டப்பாவைத் திறந்தேன், வாசனை பிடிக்கவில்லை, மூடினேன். சாக்கை நகர்த்தலாம் என்று எழுந்தேன். ரோடு சாய்ந்த மாதிரி இருந்தது. அதுவரைக்கும்தான் எனக்கு ஞாபகம்.

கண் திறந்தபோது தலையெல்லாம் ஈரம். சண்முகம் இளநீரை என் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தார். என் போனை எடுத்து அவர்தான் இவருக்குச் சொல்லியிருக்கிறார். லிஃப்ட் வாசலைப் பார்த்தேன், அங்கே யாரும் இல்லை. இவர் படியில் வந்துகொண்டிருந்தார். லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. கைப்பிடியைப் பிடித்து, ஒரு படி ஏறி நின்று, இன்னொரு படி ஏறி நின்று, வாயால் மூச்சை இழுத்துக்கொண்டு வந்தார். அந்த முகத்தை எனக்குத் தெரியும். சைரன் ஊதிய நாட்களில் சுரங்க வாசலில் நின்ற பெண்கள் எல்லாருக்கும் அந்த முகம்தான். எனக்கும் அதுதான் இருந்திருக்கும், நான் பார்த்ததில்லை. அவர் கூண்டில் வந்ததும் அது மாறிவிடும், இத்தனை வருஷத்தில் அவர் அதைப் பார்த்ததே இல்லை, இப்போது அவர் முகத்தில் அது இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

"தனம்" என்று என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

"யோவ் பெரியவரே, சும்மா பாத்துக்கினு இருந்தா எப்பிடி? கீழ இட்டுக்கினு போ மொதல்ல. இங்க வெச்சா அந்தம்மா தாங்காது" என்று சண்முகம் சத்தம் போட்டார்.

அவர் லிஃப்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இங்கேதான் என் புத்தியைப் பாருங்கள். அந்த நிலைமையிலும், "நான் மேலயே கீறேன். நீ போ, உனக்கு மூச்சு வாங்குது" என்றேன். பழக்கம் அப்படி ஊறிப்போயிருக்கிறது.

"யாருக்காக மேல இருக்கப் போற?" என்று கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். "நீ மேல நின்னுக்கினு கீறேன்னுதான் நான் அன்னாடம் எறங்கினேன். அந்த தைரியத்துலதான் ஏறி ஏறி வந்தேன். நீயே போய்ட்டா எங்கடி ஏறி வர்றது?"

சண்முகம் ஒரு பக்கம் தூக்க, இவர் ஒரு பக்கம் பிடிக்க, நான் எழுந்தேன். யார் யாரைப் பிடித்திருந்தோம் என்று சொல்ல முடியாது. லிஃப்ட் கதவு திறந்தது. இவர் முதலில் கால் வைத்தார், வைத்துவிட்டு என் கையை விடாமல் நின்றார். நானும் உள்ளே போனேன். "தலையக் குனி" என்றார். குனிந்தேன். கதவு மூடியது.

கீழே குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் எனக்குக் கூச்சமாக இருந்தது. இவ்வளவு சுகம் என் காலுக்கு அடியிலேயே இருந்திருக்கிறது, நான் மேலே சாக்கை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அங்கே காவலுக்கு நின்ற பெண் என்னைப் பார்த்துத் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டாள். நான் தரையே போதும் என்று சுவரோடு சாய்ந்துகொண்டேன். கல் ஜில்லென்று முதுகில் ஒட்டியது. இவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மூச்சு இருமினார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, ரயில் பிடிக்கிற அவசரம் அவர்களுக்கு. ஆனால் இவர் நிம்மதியாக இல்லை. கண் அடிக்கடி லிஃப்டுக்கும் படிக்கும் போய் வந்தது.

என் போன் அடித்தது. சங்கமித்ரா. சாப்பாட்டு நேரத்தில் தினமும் கூப்பிடுவாள்.

"ம்மா, எங்க கீற?"

"கீழ."

"நைனா கீழயா?"

"நைனா பக்கத்துலதான் கீறாரு. நானும் கீழதான் கீறேன்."

தங்க வயல் வீட்டில் பிறந்த பெண், அவளுக்கு எதுவும் விளக்க வேண்டியதில்லை. அவள் ஆபீஸில் யாரோ சிரிக்கிற சத்தமும் லிஃப்ட் மணிச் சத்தமும் கேட்டது.

"ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான். எனக்குக் கொஞ்சம் தலை சுத்திச்சி. இப்ப நல்லா கீறேன்."

அவள் நாற்காலியைத் தள்ளி எழுகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னாள். "சரிம்மா. நான் மேல கீறேன். அஞ்சாவது மாடியில. நைனாகிட்ட சொல்லு. இப்பவே பர்மிஷன் போட்டுக் கெளம்பறேன். வந்து வாசல்ல நிக்கறேன், நீங்க மெதுவா ஏறி வாங்க."

போனை வைத்தேன். "இன்னா சொல்றா?" என்று கேட்டார்.

"அவ மேல கீறாளாம். வந்து வாசல்ல நிக்கறாளாம்."

அவர் சுவரில் தலையைச் சாய்த்தார். படியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். கொஞ்ச நேரத்தில் அவர் தலை என் தோளுக்குச் சரிந்து வந்தது. கனமாக இருந்தது, மூச்சு சீராக வந்தது. தூங்கிவிட்டார்.