அழித்த பையின் படம்

கலைச்செல்வி யார் பக்கம் சாய்கிறாளோ, அந்தப் பக்கம்தான் ஜெயம்.

மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு எதிரே ஓட்டலில் மூன்று பேர், மூன்று காபி, ஒரு லேப்டாப். தோல் பை தைப்பவர்களுக்கு வெட்டு அளவு வரைந்து தரும் மென்பொருள் அவர்களுடையது. யாரும் இலவசமாக எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். ஆனால் யார், எதை, எப்போது மாற்றினார்கள் என்ற பதிவு மட்டும் ஒரு வருடமாக ஹரி வீட்டுக் கம்ப்யூட்டரில் பூட்டிக் கிடந்தது.

"ஒரே இடத்துல இருந்தாதான் கட்டுக்கோப்பா இருக்கும்," என்றான் ஹரி.

"அரே, உன் மிஷின் படுத்துட்டா? எல்லாம் கோவிந்தாவா? கிட் சாஃப்ட்வேருக்கு மாறு பாய். பழசு, புதுசு எல்லாம் ஒவ்வொருத்தன் கையிலயும் முழுசா இருக்கும்," என்றான் அர்பாஸ்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"கிட்தான்."

அர்பாஸ் மேஜையைத் தட்டினான். "நீ இதான் சொல்லுவேன்னு தெரியும்! அதான் ஹரி மிஷின்ல லாகின் பண்ணி, பழைய பதிவு மொத்தத்தையும் கிட்டுக்கு மாத்தி, திங்கக்கிழமையே நெட்ல ஏத்திட்டேன். பாரு, அழிச்ச ஃபைல்கூட எப்படி எந்திரிச்சு வருதுன்னு!"

திரையில் ஒரு பை எழுந்து வந்தது. கைப்பிடி, மடிப்பு, பூட்டுத் துளை, அங்குலம் பிசகாத அளவுகள்.

அவள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

அப்பாவின் பை! மாடியில் வீடு, கீழே பட்டறை. போன மாதம் மென்பொருளைச் சோதிக்கக் கைக்கு எட்டிய அளவை எடுத்துப் போட்டாள், மறுநாளே அழித்தாள். ஆர்டர் கொடுத்த சேட்டின் கடைக்குத் தீபாவளிக்குத்தான் வரவேண்டிய பை அது. புது மாதிரி என்றால், வெட்டி விழுந்த தோல் துண்டைக்கூட வாசல் தாண்ட விடமாட்டார் அப்பா ராஜபாண்டி. தாராவியில் அவரைத் தேடி வேலை வருவதே அதனால்தான்.

"இறக்குடா! இப்பவே இறக்கு!"

"இறக்கிரலாம். ஆனா..." அர்பாஸின் முகம் வெளுத்தது. "ஒம்பது பேரு காப்பி எடுத்துட்டாங்க. அதை நம்மளால தொட முடியாது. ஒருத்தன் கான்பூர்ல பை கம்பெனி ஆளு."

ஹரி லேப்டாப்பைத் திருப்பி, பதிவை இறக்கத் தொடங்கினான். 'அப்பவே சொன்னேனே' என்று குத்தியிருந்தால்கூடத் தேவலை.

டாக்சி பிடித்துப் பட்டறைக்குப் பறந்தாள். ராஜபாண்டி கத்தியும் கையுமாக நிமிர்ந்தார்.

"என்னட்டி, மொகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கத்தியைப் பலகைமேல் வைத்தார். ஸ்டூலைக் கையால் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"அழிச்சாச்சுன்னு சொல்லுத. பொறவு எப்படிட்டி இருக்கும்?"

"அழிச்சதையும் சேத்து ஞாபகம் வச்சிருக்கதுதாம்ப்பா அதோட வேலையே."

பிறகு, "சேட்டு காதுக்கு வேற ஆளு வாய் வழியா போவக் கூடாது," என்று போனை எடுத்தார். எண் தப்பியது.

"குடுங்கப்பா. தப்பு என்னோடது. நாஞ் சொல்லுதேன்."

இரண்டாவது மணியிலேயே சேட்டின் குரல் துள்ளியது.

"போலோ, ராஜபாண்டி பாய்! சரக்கு ரெடியா?"

"அவரு பொண்ணு பேசுறேன் சேட்ஜி," என்று இந்தியில் ஆரம்பித்தாள் கலைச்செல்வி. "உங்க பை வெளிய போயிருச்சு. விட்டது நான்."